சீட்டுப் பையும் ஜெசிந்தாவின் வாயும்

வேலம்மாவின் மகள் ஜெசிந்தாவுக்கு இரண்டு பாஷை தெரியும். இரண்டிலும் பேச மாட்டாள்.

இப்படியும் ஓர் அநியாயம் உண்டா? பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், ஏரிக்கரையில் கோட்டை கட்டிக்கொண்டு, துணி மூட்டைகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. உலாந்தா பாஷையில் அரைகுறையாக நாலு வார்த்தை தெரிந்தவன்கூடத் தலைப்பாகை கட்டிக்கொண்டு துபாஷி என்று கோட்டை வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். ஒன்பது வயது ஜெசிந்தாவோ இரண்டையும் மூட்டை மூட்டையாக உள்ளே வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டிருந்தாள்.

அவளுடைய நைனாவின் பெயர் யான்; கோட்டைக்குள் பீப்பாய் செய்கிற உலாந்தாக்காரர். அம்மா வேலம்மா பக்கத்துக் குப்பமான தோணிரேவில் மீனவர் வீட்டுப் பெண். வீட்டுக்குள் இருக்கும்வரை ஜெசிந்தாவுக்கு ஒரு குறையும் இல்லை. நைனாவிடம் அவர் பாஷையிலும் அம்மாவிடம் அம்மா பாஷையிலும் வாய் ஓயாமல் பேசுவாள். வாசற்படியைத் தாண்டினால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்குக் காரணம் கும்பினிப் பள்ளிக்கூடம்தான். அங்கே ஒரு பக்கம் கோட்டைச் சிப்பாய்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொரு பக்கம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு வாரம் ஒரு படி அரிசி என்று கும்பினி சொல்லியிருந்ததால், இவர்கள் படிப்பைத் தேடி வந்ததைவிடப் படியைத் தேடி வந்தவர்கள். ஜெசிந்தா ஒரே ஒரு தமிழ் வார்த்தை பேசினால் போதும், கோட்டைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு “மீன் வாடை” என்பார்கள். உலாந்தாவில் வாயைத் திறந்தாலோ, மீனவப் பிள்ளைகள் “உலாந்தாக் குட்டி” என்று பாட்டே கட்டிவிடுவார்கள். பாட்டுக் கட்டுகிறவன் வேறு யாருமில்லை, அவள் சொந்த மாமன் மகன் கேசவன். பதினோரு வயது. உடம்பெல்லாம் சேட்டை.

வந்த முதல் வாரத்திலேயே இதையெல்லாம் பார்த்துவிட்டு, பேசினால்தானே வம்பு என்று ஜெசிந்தா வாயை மூடிக்கொண்டாள். மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. உலாந்தா வாத்தியாரான மேஸ்தர் அவளை ஊமை என்றே முடிவு கட்டிவிட்டார்.

“வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்கே?” என்று வேலம்மா தினமும் கேட்பாள். “வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்லுவாங்க. நீ எப்டிடீ பொழைக்கப் போறே?”

ஆனால் பேசாமல் இருந்ததில் ஜெசிந்தாவுக்கு ஒரு லாபம் இருந்தது. அது வேறு யாருக்கும் கிடைக்காத லாபம். அதன் பெயர் நீலமேகம்.

மேஸ்தர் கொர்னேலிஸுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அவர் உலாந்தாவில் பாடம் சொல்வார். அதைத் தமிழில் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல உதவி வாத்தியார் நீலமேகம் பக்கத்திலேயே நிற்பார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தச் சர்க்கரைதான் நீலமேகம். அவருக்குத் தெரிந்த உலாந்தா வார்த்தைகள் மொத்தம் இரண்டு. ஒன்று ‘யா’, அதாவது ஆமாம். இன்னொன்று ‘மேஸ்தர்’. இந்த இரண்டை வைத்துக்கொண்டு நான்கு வருஷமாகக் குடும்பம் நடத்திய கெட்டிக்காரர் அவர்.

ஒருநாள் மேஸ்தர், யோனா என்கிற தீர்க்கதரிசியைப் பெரிய மீன் விழுங்கிய கதையைக் கண்ணீர் மல்கச் சொன்னார். மீன் எவ்வளவு பெரிது என்று இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். நீலமேகம் அந்தக் கைகளை உற்றுப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“மேஸ்தர் இன்னா சொல்றார்னா, நேத்து சந்தையில இம்மாம் பெரிய தர்பூசு பார்த்தாராம். அவ்ளோ பெரிசு வாங்காதீங்க, வீட்டுக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும்னு கண்ணுல தண்ணி வுடுறாரு.”

பிள்ளைகள் தலையாட்டினார்கள். மேஸ்தர் நெகிழ்ந்துபோனார். “அவர்களுக்குப் புரிந்ததா?” என்று கேட்டார். “யா, மேஸ்தர்” என்றார் நீலமேகம். ஜெசிந்தா பாவாடை நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சிரிப்பை மென்று விழுங்கினாள். நாற்பது பேர் இருந்த இடத்தில் இந்த வேடிக்கை முழுசாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கோட்டைப் பிள்ளைகளுக்கு நீலமேகத்தின் வேகத் தமிழ் பிடிபடாது, மீனவப் பிள்ளைகளுக்கு உலாந்தா வராது. இப்படி ஓசியில் தினமும் ஒரு கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பேசத் தோன்றும்?

தை பிறந்து பத்தாம் நாள் அந்தக் கூத்துக்குக் கேடு வந்தது. கேட்டைக் கொண்டுவந்தவன் கேசவன்.

மறுநாள் தோணிரேவில் பாடு, அதாவது ஏரியில் வலை போடும் முறை, பிரிக்கிற நாள். பழவேற்காடு ஏரி பெரிதுதான், ஆனால் மீனும் இறாலும் நன்றாக விழுகிற இடங்கள் நாலைந்துதான். எல்லாரும் ஒரே இடத்தில் வலை போட்டால் மீன் விழாது, மண்டைதான் உடையும். அதனால் வீட்டுக்கு ஒரு சீட்டு. காகிதமோ ஓலையோ இல்லை. கொட்டாங்கச்சியைச் சில்லாக உடைத்து, தேய்த்து, அந்தந்த வீட்டின் அடையாளத்தைக் கீறி வைத்திருப்பார்கள். ஒரு வீட்டுக்கு நண்டு, ஒரு வீட்டுக்குத் துடுப்பு, ஒரு வீட்டுக்கு மூன்று கோடு. வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் முன்னால் அவற்றைப் பையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுப்பார்கள். முதலில் வந்த வீட்டுக்கு நல்ல இடம் முதல் நாள். அடுத்து வந்த வீட்டுக்கு அடுத்த நாள். எல்லாருக்கும் முறை வந்து முடிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அந்தச் சில்லுகள் அம்மன் முன்னால் சத்தியம் செய்து வெட்டியவை. புதிதாக வெட்டுவதென்றால் ஆடித் திருவிழாவுக்குக் காத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஏரியில் ஒருவரும் வலை இறக்கக் கூடாது. ஒரு காலத்தில் பை தொலைந்துபோய், கைபலம் உள்ளவன் வலை போட்டு, கைபலம் இல்லாதவன் கல்லெடுத்து, இரண்டு பேர் செத்தார்கள். ஊர் அரை வருஷம் கஞ்சிக்குத் தாளம் போட்டது. இதைத் தோணிரேவில் பால் குடிக்கிற பிள்ளைகூட அறியும். வேலம்மா சொல்லி ஜெசிந்தாவும் அறிவாள்.

பையைக் காப்பாற்றி வைக்கிற பொறுப்பு ஊர்த் தலைவர் துளசிங்கத்துடையது. அவர் வேலம்மாவின் அண்ணன், கேசவனின் அப்பா. பையை அன்று காலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு வலை தைக்கப் போனார். அதற்குள் கேசவனின் கை பானைக்குள் போய்விட்டது. அவன் திருட நினைக்கவில்லை, பாவம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே தன் வீட்டுச் சில்லைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பழகிப் பார்க்கத்தான் ஆசைப்பட்டான்.

மத்தியான வேளையில், மேஸ்தர் சாய்ந்து கண்ணசந்த நேரம் பார்த்து, கடைசி வரிசையில் கேசவன் கடை விரித்தான். சுற்றி ஏழெட்டுப் பேர். பையைக் குலுக்கி ஒவ்வொரு சில்லாக எடுக்க, எந்த வீடு வரும் என்று புளியங்கொட்டை வைத்துப் பந்தயம்.

“நண்டு மேல அஞ்சு!”

“துடுப்பு மேல பத்து! வைடா கீழ!”

சத்தம் கேட்டு மேஸ்தர் எழுந்தார். பூனை நடை நடந்து வந்தார். கேசவன் நிமிர்ந்து பார்த்தபோது மேஸ்தரின் தொப்பைதான் முதலில் தெரிந்தது.

“சூதாட்டம்!” என்று மேஸ்தர் கர்ஜித்தார். “கர்த்தருடைய பாடம் நடக்கிற இடத்தில் சூதாட்டமா? நீலமேகம், இது சூதாட்டம்தானே?”

“யா, மேஸ்தர்.”

“இந்தப் பையை ரொட்டி அடுப்பில் போட்டுக் கொளுத்தப் போகிறேன். இவர்களிடம் சொல்.”

நீலமேகம் மேஸ்தரின் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிள்ளைகள் அழுதுவிடுவார்கள் போலத் தோன்றியது. அவருக்கு இளகின மனசு.

“மேஸ்தர் இன்னா சொல்றார்னா, பையைப் பத்திரமா பொட்டியில வச்சிருந்து சாயங்காலம் குடுத்துடுவாராம். யாரும் பயப்படாதீங்க.”

கேசவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தக் கும்பல் முழுக்கப் பெருமூச்சு விட்டது. மேஸ்தர் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். முற்றத்தின் அந்தக் கோடியில் கோட்டை ரொட்டிக்காரனின் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ஐம்பது அடி தூரம் இருக்கும்.

மேஸ்தர் அடுப்பை நோக்கிப் போகிறார் என்பது கோட்டைப் பிள்ளைகளுக்கும் தெரியும், ஆனால் பையில் ஓர் ஊரின் சோறு இருப்பது தெரியாது; இரண்டும் தெரிந்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். மீனவப் பிள்ளைகள் நிம்மதியாகப் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கேசவன் அவளைப் பார்த்துப் பழிப்புக்கூடக் காட்டினான். அவன் அடிபட்டுச் சாகட்டும் என்று ஒரு கணம் அவள் நினைத்தது உண்மை. ஆனால் மாமா? அம்மாவுடைய ஊர்? ஆடி மாசம்வரை அடுப்பு எரியாத வீடுகள்?

எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இப்போது பேசினால் கோட்டைப் பிள்ளைகளுக்கும் கேட்கும், மீனவப் பிள்ளைகளுக்கும் கேட்கும், இரண்டு பக்கமும் சேர்ந்து சிரிக்கும். முப்பது அடி. இருபது அடி. ரொட்டிக்காரன் அடுப்பின் மூடியைத் திறந்தான்.

“இல்லை மேஸ்தர்! எரிக்காதீர்கள்!”

உலாந்தா பாஷையில், பள்ளிக்கூடத்தின் ஓடு அதிரும்படி வந்தது அந்தச் சத்தம். ஜெசிந்தா உலாந்தா கற்றுக்கொண்டது பீப்பாய்ப் பட்டறையில். அதனால், வளையம் கழன்றுபோகும்போது நைனா பீப்பாயை எப்படி விளிப்பாரோ அந்தச் சொல்லும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தச் சொல்லை இங்கே எழுத முடியாது. ரொட்டிக்காரன் கையிலிருந்த மூடியைக் கீழே போட்டான்.

மேஸ்தர் நின்றார். முதலில் புன்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தார். கடைசியில் வாசலில் நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தார்.

“நீயா?”

நனைந்த பிறகு முக்காடு எதற்கு? ஜெசிந்தா முற்றத்தில் இறங்கி ஓடினாள்.

“அது சூதாட்டம் இல்லை மேஸ்தர். அது ஏரி. அதற்குள் எங்கள் மாமா ஊரின் முறை இருக்கிறது.” மூச்சு வாங்க வாங்க, நண்டையும் துடுப்பையும் மூன்று கோட்டையும் நல்ல இடத்தையும் சொன்னாள். ஒரு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்த சரக்கு அல்லவா, நிறுத்த முடியவில்லை.

“சரி, சீட்டில் தோற்கிறவன் எவ்வளவு கொடுப்பான்?” என்றார் மேஸ்தர் சந்தேகமாக.

“யாரும் தோற்க மாட்டார்கள். இன்றைக்குக் கிடைக்காதவனுக்கு நாளைக்குக் கிடைக்கும்.”

“தோற்கிறவன் இல்லாத சூதாட்டமா?”

“அதைத்தானே மேஸ்தர் இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன்.”

“அந்தப் புளியங்கொட்டை?”

உண்மையைச் சொல்வதென்றால் முழுசாகத்தான் சொல்ல வேண்டும். “அது சூதாட்டம்தான். கொட்டை கேசவனுடையது, பை ஊருடையது. அவனை அடியுங்கள், பையை விட்டுவிடுங்கள்.” கேசவனை நோக்கி விரலையும் நீட்டினாள். விவரம் புரியாத கேசவன் தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துப் பல்லைக் காட்டினான்.

பின்னாலேயே ஓடிவந்த நீலமேகத்தின் பக்கம் மேஸ்தர் திரும்பினார்.

“நீலமேகம், இந்தப் பெண் சொல்வது உண்மையா?”

“யா, மேஸ்தர்.”

“அப்படியென்றால் இது சூதாட்டம் இல்லை?”

“யா, மேஸ்தர்.”

“சூதாட்டம்தானா?”

“யா, மேஸ்தர்.”

மேஸ்தரின் கண்கள் மெல்லச் சுருங்கின. “நீலமேகம், நீ ஒரு கழுதையா?”

“யா, மேஸ்தர்” என்று நீலமேகம் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்.

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். பாவாடை நுனி கைக்கு எட்டுவதற்குள் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். “இன்னாடீ? இன்னா கேட்டாரு? சொல்லுடீ!”

“நீ கழுதையானு கேட்டாரு. ஆமானு சொல்றாரு!”

முற்றமே குலுங்கியது. கோட்டைப் பிள்ளைகள் உலாந்தாவில் கேட்டுச் சிரித்தார்கள், மீனவப் பிள்ளைகள் தமிழில் கேட்டுச் சிரித்தார்கள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீலமேகம் மட்டும் திருதிருவென விழித்தார்.

“ஒரு வருஷமாக உனக்கு எல்லாம் புரிந்திருக்கிறது,” என்றார் மேஸ்தர் மெதுவாக. “சொல், இவன் என் பாடங்களை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறான்?”

நீலமேகத்துக்கு அந்தப் பாஷை புரியாவிட்டாலும், அந்தப் பார்வை புரிந்தது. ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். அவருக்கு வீட்டில் ஐந்து பிள்ளைகள். தவிர, தர்பூசுக் கதை சொல்ல வேறு யார் கிடைப்பார்கள்?

“நன்றாகத்தான் சொல்கிறார் மேஸ்தர். கொஞ்சம் சுருக்கிச் சொல்வார்.”

மேஸ்தர் நம்பினாரோ இல்லையோ, மேலே கேட்கவில்லை. பை மட்டும் உடனே கைக்கு வரவில்லை. “நாளைக் காலையில் இதை நானே அந்தக் கரைக்குக் கொண்டுவருகிறேன். என் கண்ணால் பார்ப்பேன். ஒரே ஒரு காசு கை மாறினாலும் பை ஏரிக்குள் போகும். உனக்கும் ஆறு அடி.” இதை ஜெசிந்தா பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னாள். கேசவனுக்கு உரிய ஆறு அடி அப்போதே கிடைத்தது. எதற்காக என்று மூன்றாவது அடிக்குப் பிறகு அவளே விளக்கினாள்.

விஷயம் தோணிரேவுக்குப் போனபோது, துளசிங்கம் மகனை அடித்ததுபோக மிச்சமிருந்த கோபத்தோடு தங்கை வீட்டுக்கு வந்தார்.

“வேலு, ஊரோட சோறு உன் பொண்ணு வாயில தொங்குது.”

“எம் பொண்ணு வாயிலயா? அவ பேசுனாளா? நெசமாவா அண்ணா?” என்று வேலம்மா திரும்பத் திரும்பக் கேட்டாளே தவிர, பையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பெற்றவளின் கவலை வேறு அல்லவா?

விடிந்ததும் கரையில் ஊரே கூடிவிட்டது. வேப்ப மரத்தடியில் அம்மன் கல்லுக்கு மஞ்சள் பூசி, முன்னால் பித்தளைத் தட்டு வைத்திருந்தார்கள். மேஸ்தர் வந்தார், கக்கத்தில் பை. பின்னால் நீலமேகம். விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனிதர் அவர். “நான்தான் எடுத்துச் சொல்லி இட்டாந்தேன்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மூன்று வயதுக் குழந்தை ஒன்றைத் தூக்கி நிறுத்தினார்கள். அது பைக்குள் கையை விட்டது. முதல் சில்லு வந்தது. துளசிங்கம் அதைத் தூக்கிப் பிடித்து, “மூணு கோடு! தங்கவேல் வூடு!” என்றார்.

தங்கவேல் ஐந்து வருஷமாகக் கடைசி முறையே வந்து நொந்துபோயிருந்த மனுஷர். சந்தோஷம் தாங்காமல் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார், ஒரு காசை எடுத்துக் கண்ணில் ஒற்றினார், தட்டில் ‘ணங்’ என்று போட்டார்.

ஐயோ, அம்மன் தட்டு! மேஸ்தர் சொன்னது பந்தயக் காசு என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்; பாடு கிடைத்தவர்கள் தட்டில் காசு போடுவார்கள் என்பதை ஜெசிந்தா எப்படி மறந்தாள்?

“காசு!” என்று மேஸ்தர் பாய்ந்து வந்து பையைப் பறித்தார். “என்ன சொன்னேன் நேற்று? என்ன சொன்னேன்?”

“இன்னா சொல்றாரு? இன்னாத்துக்குக் கத்துறாரு?” என்று ஊர் ஜெசிந்தாவைப் பார்த்தது. நூறு ஜோடிக் கண்கள். நேற்றுக் கழன்ற தாழ்ப்பாள் மறுபடி விழப் பார்த்தது. நாக்கு மேலண்ணத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மேஸ்தர் தண்ணீர் ஓரத்துக்கே போய்விட்டார், பை கையில் ஆடியது. கூட்டத்தில் அம்மா நிற்பது தெரிந்தது. ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது. அழுகையைவிடக் கோபம் முந்திக்கொண்டது.

“மேஸ்தர்! ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கோயிலில் நீண்ட கோலில் ஒரு பையைக் கட்டிக் காசு கேட்டு எல்லார் மூக்குக்கு முன்னாலும் நீட்டுகிறீர்களே, அது சூதாட்டமா?”

மேஸ்தர் திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. “வாயை அடக்கு! அது ஏழைகளுக்கு!”

“இதுவும் ஏழைகளுக்குத்தான். அதோ நிற்கிறாளே, முனியம்மா. புருஷன் ஏரியோடு போய்விட்டான். வலை போட ஆளில்லாத வீட்டுக்கு இந்தத் தட்டுக் காசுதான் அரிசி.”

“என்னை இன்னாத்துக்குடீ காட்டுறே?” என்றாள் முனியம்மா பதறிப்போய். ஜெசிந்தா நடந்ததைத் தமிழில் சொன்னாள், கோட்டைக் கோயில் கோலையும் சேர்த்து. கூட்டத்தில் சிரிப்பு பரவியது. முனியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மேஸ்தரை நேருக்கு நேராகப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தாள்.

மேஸ்தர் தட்டைப் பார்த்தார், முனியம்மாவைப் பார்த்தார். பை ஆடுவது நின்றது. ஜெசிந்தா அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வாய் ஒருமுறை ருசி கண்டுவிட்டால் விடுமா?

“காசு போடாமல் எழுந்து போகிறவர்களைக் கோயிலில் நீங்கள் முறைத்துப் பார்ப்பீர்களே, மேஸ்தர். இப்போது இங்கே எல்லாரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.”

மேஸ்தர் அவளை வெகுநேரம் முறைத்தார். பிறகு பையைத் துளசிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு, தன் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவி, அம்மன் இருக்கிற பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு காசைத் தட்டில் போட்டார். ஊர் ‘ஓ’வென்று கத்தியது. வேலம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

சீட்டு முடிந்தது. கடைசிச் சில்லு துளசிங்கத்தின் வீட்டுக்கே வந்தது. கேசவன் விரலால் தடவிப் பழகியதற்கு அம்மன் கொடுத்த பலன் அது என்று ஊர் பேசிக்கொண்டது.

தங்கவேல் அப்போதே வலையை எடுத்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் ஆழத்தில் நாலு பேர் வலையை வளைத்துக்கொண்டு போனார்கள், துளசிங்கம் ஒரு முனையைப் பிடித்தார். மேஸ்தருக்கு இதெல்லாம் புதிது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரத்தில் நின்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அது என்ன வலை, அந்த மனிதர் ஏன் குனிகிறார், மீன் வருவது எப்படித் தெரியும்? ஜெசிந்தா அவரிடம் கேட்டு மாமாவிடம் கத்தினாள், மாமாவிடம் கேட்டு அவரிடம் கத்தினாள். கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். தமிழும் உலாந்தாவும் மாறி மாறி ஏரியெங்கும் எதிரொலித்தன. நீலமேகம் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

துளசிங்கம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். வலை நெருங்குகிற நேரம். தோணிரேவு வரலாற்றிலேயே அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லியிராததை அவர் சொன்னார்.

“அடியே, உனக்குப் புண்ணியமாப் போவும், கொஞ்சம் வாயை மூடுடீ! இருக்கிற மீனெல்லாம் ஓடிடும்!”

மேஸ்தர் ஆவலோடு குனிந்தார். “என்ன சொல்கிறார் உன் மாமா?”

ஜெசிந்தா முகத்தை மிகவும் மரியாதையாக வைத்துக்கொண்டாள்.

“உங்களை வாயை மூடச் சொல்கிறார், மேஸ்தர்.”

மேஸ்தர் வாயை மூடிக்கொண்டார்.